பிரிக்காத உப்புப் பொட்டலங்கள்

அவர் முதன்முதலில் என்னைத் தேடி வந்தது பேதியுப்புக்காக.

"யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

"தக்காளிச் செடிக்கு" என்றார்.

யுத்தம் முடிந்த மறுவருடம் அது. அரியலூரில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். வயது இருபத்து நாலு. அவர் அதே ஊரில் சயன்ஸ் வாத்தியார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். யாரிடமும் அதிகம் பேசாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று என் மேஜைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். நடுக்கடலில் ஒரு பாறைத் தீவாம். புல் பூண்டு முளைக்காத இடமாம். அங்கே பட்டாளத்துக்காரர்கள் மண்ணே இல்லாமல், வெறும் உப்புகளைத் தண்ணீரில் கரைத்து விட்டுக் காய்கறி பயிராக்குகிறார்களாம். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார்.

"செடி மண்ணைத் தின்னல தம்பி. மண்ணுல இருக்கற உப்பைத்தான் தின்னுது. அந்த உப்பை நாமளே எடுத்துக் குடுத்துட்டா?"

இதைக் கேட்டதும் எனக்குள் ஏன் அப்படி ஒரு பரபரப்பு வந்தது என்று சொல்ல வேண்டும். நான் விக்கிரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். சின்ன வயதில் இழுப்பு வியாதி. வயல் வேலைக்கு லாயக்கில்லை என்று அப்பா என்னைப் படிக்கப் போட்டார். அப்பா காலமான பிறகு அக்காவின் வீட்டுக்காரர்தான் எங்கள் நிலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஊருக்குப் போனால் "மருந்து கலக்கறவன் வந்துட்டான்டா" என்பார்கள். கேலிதான், பகை இல்லை. ஆனாலும் நிலத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை என்பது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது ஒருவர் வந்து, பயிருக்கு வேண்டியது என் தராசில் இருக்கிறது என்கிறார். விடுவேனா?

உப்புகளைச் சேகரிக்கவே ஒரு மாதம் ஆனது. அமோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் அவர் யாரையோ பிடித்து வாங்கி வந்தார். வெடியுப்பு பள்ளிக்கூடத்து சயன்ஸ் ரூமில் ஒரு சீசா இருந்தது. பேதியுப்பு, அன்னபேதி, வெண்காரம், துத்தம் இவை நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தன. எல்லாவற்றையும் நிறுத்து, அரைத்து, கலந்து, வாரத்துக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுவது என் வேலை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெடியுப்பு கட்டி கட்டியாக இருக்கும். கல்வத்தில் போட்டு மெல்ல அரைக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட் புளித்த வாடை அடிக்கும். வெண்காரமும் துத்தமும் கடுகளவுதான். இவ்வளவு சின்ன அளவை அவ்வளவு பெரிய குவியலில் அப்படியே கொட்டினால் ஒரு மூலையில் தங்கிவிடும். அதனால் கடுகளவோடு கடுகளவு வேறு உப்பைச் சேர்த்து அரைப்பேன். பிறகு அதன் அளவுக்கு இன்னொரு பங்கு, அப்புறம் அதன் அளவுக்கு இன்னொரு பங்கு. குழந்தைகளுக்குப் பொடி மருந்து கலக்கும்போது செய்கிற முறைதான். ஒரு தடவை வாத்தியார் சொன்னார் என்று நம் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு இடித்து அதையும் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால் மூக்கிலும் கண்ணிலும் ஏறிய நெடியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். சுண்ணாம்பு பட்டு, உப்பிலிருந்த அமோனியாவெல்லாம் ஆவியாகப் போயிருந்தது. அந்தக் கலவையைக் கொட்டிவிட்டு, சுண்ணாம்பில்லாமல் மறுபடி முதலிலிருந்து நிறுத்தேன். எனக்கு அலுப்பே வரவில்லை.

செடி நடுவதற்குப் பலகையில் நாலடி நீளத்துக்கு ஒரு பெட்டி செய்து, தண்ணீர் ஒழுகாமல் இருக்க உள்ளே கீல் பூசினோம். திருமானூர்ப் பக்கம் கயிறு திரிக்கிறவர்கள் தேங்காய் நாரை அடித்த பிறகு குப்பையாக ஒதுக்கும் தூளை மூட்டையில் கொண்டுவந்து, கொள்ளிடத்து மணலோடு கலந்து நிரப்பினோம். வாத்தியார் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. வைகாசியில் ஆறு தக்காளியும் நாலு கத்தரியும் நட்டோம். முதல் பொட்டலத்தை நானே என் கையால் தூவித் தண்ணீர் விட்டேன். "முதல் வாரம்" என்று அதன் மேல் எழுதியிருந்தேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த வாரத்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவேன். இரண்டாவது ஞாயிறு செடிகள் கொஞ்சம் வாடினாற்போல் இருந்தன. மூன்றாவது ஞாயிறு போனபோது நம்ப முடியவில்லை. ஒரு சாண் உயரம் கூடி, கரும்பச்சையாக நின்றன. ஒன்றிரண்டு செடி முன்பு நின்ற இடத்திலிருந்து தள்ளி நிற்பதுபோலக்கூடத் தோன்றியது. சந்தோஷத்தில் அதை நான் யோசிக்கவில்லை.

"பாத்தியா தம்பி!" என்றார் வாத்தியார். "எல்லாம் உன் கைப்பக்குவம்."

ஆடி மாதத்துக்குள் தக்காளி காய்த்துவிட்டது. வாத்தியார்கள் வந்தார்கள், கடைத்தெரு வியாபாரிகள் வந்தார்கள், வந்தவர்களிடமெல்லாம் அவர் என் தோளில் கை போட்டு, "நிறுத்துக் கலந்தது இவருதாங்க" என்றார். எனக்கு இருப்புக்கொள்ளாது. டிஸ்பென்சரிக்குத் திரும்பி நடக்கும்போது வழியில் இருக்கிற வயலையெல்லாம் பார்த்துக்கொண்டே போவேன்.

அந்த ஆடியில் அக்கா வீட்டில் மிளகாய் நாற்று விட்டிருந்தார்கள். மழை சரியில்லாத வருடம். கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு நாலு பாத்தி நாற்று. மூன்று வாரமாகியும் வெளிறிப்போய், சவலைப் பிள்ளைபோல நின்றது. அக்கா சொல்லி அனுப்பினாள்: நீ ஏதோ செடிக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கியாமே, நம்ம நாத்துக்குக் கொஞ்சம் கொண்டாயேன்.

வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். பெட்டிக்கு ஒரு வாரத்துக்குப் போடுகிற அளவை வைத்துப் பாத்திக்குக் கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"நாத்துதானே?" என்றார்.

"ஆமா சார். மிளகா நாத்து. அக்கா வூட்டுது."

"கொஞ்சம் கொறைச்சுப் போடச் சொல்லேன்."

"எவ்வளவு சார் கொறைக்கணும்?"

அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். "கால் பங்கு கொறைச்சுக்க. போதும்" என்றார்.

கால் பங்கு குறைத்தேன். அளந்து போட ஒரு தகரக் குவளையும் கொடுத்து, ஒரு பாத்திக்கு ஒரு குவளை, தலை தட்டி, என்று அக்காவுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மாமா டிஸ்பென்சரிக்கு வந்தார். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். நோயாளிகள் வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை என் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பிடி நாற்று. ஓரம் கருகி, தண்டு சுருங்கி, தீயில் வாட்டினாற்போல் இருந்தது.

"மாப்ளே, இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். நாலு பாத்தியும் அநேகமாகப் போய்விட்டதாம்.

நான் அப்போது சொன்னதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "அக்கா கூடப் போட்டிருப்பா மாமா. எங்க பெட்டியில மூணு மாசமா இதே உப்புதான் போடறோம். காய்ச்சுத் தொங்குது. அளவு தெரியாம அள்ளிப் போட்டுட்டா" என்றேன்.

மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்றேன்" என்றார். போய்விட்டார்.

அன்று சாயங்காலமே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மிச்சம் மீதி நாற்றைப் பிழைக்க வைக்க வழி கேட்கலாம் என்று. அவர் வீட்டில் இல்லை. பெரம்பலூரில் விவசாயக் கண்காட்சி. பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு முந்தின நாளே போய்விட்டாராம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவிதான் வெளியே வந்தார்.

"வந்ததே நல்லதாப் போச்சு தம்பி. அந்தப் பொட்டலத்தையெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. புள்ள தவழ ஆரம்பிச்சுட்டா. எடுத்து வாயில வச்சுக்குவாளோன்னு பயந்துகிட்டே இருக்கேன்."

"எந்தப் பொட்டலம் அண்ணி?"

"நீங்க கொண்டாந்து குடுக்கறதுதான்."

உள்ளே போய் ஒரு மண்ணெண்ணெய் டின்னை இழுத்து வந்து வாசற்படியில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். என் பொட்டலங்கள். என் கையெழுத்து. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், நாலாம் வாரம். எடுத்து எண்ணினேன். பதினொன்று இருந்தன. முதல் வாரம் மட்டும்தான் இல்லை. நூல் முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. உள்ளே உப்பு ஈரம் வாங்கிக் கல்லாக இறுகியிருந்தது.

"இதை அவரு பெட்டிக்குப் போடலியா அண்ணி?"

"அதுல எங்க போட்டாரு? மொதல்ல நட்டதெல்லாம் பத்து நாள்ல கருகிப் போச்சே. அப்பறம் உடையார்பாளையத்துலேருந்து தொட்டியோட செடி கொண்டாந்து, ஆட்டெருவும் வண்டல் மண்ணும் போட்டு, மேல மட்டும் நார்த்தூளைத் தூவி..." அவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார் மெதுவாக.

நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். கரியில் ஓடும் பஸ். மேட்டில் ஏற முடியாமல் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். பதினொரு பொட்டலமும் ஒரு பையில் என் மடிமேல் இருந்தன. என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தேன். கோபத்தைவிட ஒரு பைத்தியக்கார நம்பிக்கைதான் அதிகமாக இருந்தது. ஏதாவது காரணம் இருக்கும். அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிடும் என்று.

கண்காட்சியில் நல்ல கூட்டம். ஒரு கீற்றுப் பந்தலில் எங்கள் பெட்டி இருந்தது. பழுத்த தக்காளிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். ஒரு அதிகாரி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாத்தியார் சிரித்தார். "இவருதாங்க எனக்கு உப்பு நிறுத்துக் குடுக்கற கம்பவுண்டர்" என்றார் அதிகாரியிடம். அதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த பந்தலுக்குப் போனார்.

நான் பையைத் திறந்து காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"யாரு குடுத்தா?"

"அண்ணி. அவங்க மேல தப்பில்ல. ஏன் சார் இப்பிடி?"

"நட்ட பத்து நாள்ல எல்லாம் செத்துப் போச்சு தம்பி. நீ ஞாயித்துக்கெழம அவ்வளவு ஆசையா வந்து நிப்ப. எப்பிடிச் சொல்றது? மறுபடி பண்ணிப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள ஊரே வந்து பாக்க ஆரம்பிச்சுட்டுது."

"அக்கா நாத்துக்குப் போடட்டான்னு உங்கள்ட்ட வந்து கேட்டேனே சார்."

அவர் பந்தலுக்குள் அதிகாரி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

"கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"செடி செத்துப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் போடச் சொன்னீங்க."

"கொறைச்சுப் போடுன்னு சொன்னேன்ல?" என்றார் அவர்.

அந்தப் பதிலைக் கேட்டதும்தான் என் நம்பிக்கை போனது. அதுவரை அவரிடம் மன்னிப்பை எதிர்பார்த்து நின்றிருக்கிறேன். அவரோ தன் பக்கத்துக்கு ஒரு நியாயத்தை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டு என்னை அனுப்பியிருக்கிறார்.

"இன்னிக்கி ஒரு நாள் பொறுத்துக்க. அதிகாரி திரும்பி வருவாரு" என்றார்.

நான் பந்தலுக்குத் திரும்பிப் போனேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலேதான் செய்தேன். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கினேன். நார்த்தூள் உதிர்ந்தது, வேரில் கறுப்பு மண் அப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி அதைக் கொஞ்சம் கிள்ளி மோந்து பார்த்து, "ஆட்டெருவுல்ல இது!" என்று சிரித்தார். கூட்டம் கூடியது.

வாத்தியார் ஓடி வந்தார். என்னைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ஆளு பொறாமையில வந்து பெட்டியில மண்ணைக் கலந்துட்டான். அவன் கையைப் பாருங்க."

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். முழங்கை வரை மண். அவன் என்று சொன்னாரே, அதுதான் காதில் நின்றது. மூன்று மாதமாகத் தம்பி என்றுதான் அவர் கூப்பிட்டிருந்தார். யாரோ என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பை அங்கேயே கிடந்தது.

அங்கிருந்து நேரே விக்கிரமங்கலம் போனேன். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாற்றங்கால் இருந்த இடத்தை மாமா உழுதுவிட்டிருந்தார். அந்த வருடம் மிளகாய் இல்லை என்று முடிவாகி, கேழ்வரகு விதைக்கப் போகிறார்களாம். அக்கா முறத்தில் விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். பெட்டி, டின், பெரம்பலூர். அவள் புடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவரு என்னை நல்லா ஏமாத்திட்டாரு அக்கா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த வாத்தியாரு ஏமாத்துனது கெடக்கட்டும். அவரு யாரோ. நான் அள்ளிப் போட்டுட்டேன்னு நீ எப்பிடிடா சொன்ன? குவளையில தலை தட்டி, குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு பாத்திக்கா போட்டேன். உங்க மாமா வந்து, நீதான் கூடப் போட்டுட்டியாமே, உன் தம்பியே சொல்றான்னாரு. ரெண்டு நாளா இந்த வூட்டுல என்னோட யாரும் பேசல. என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணலியா?"

மாமா மாட்டைக் கட்டிவிட்டு வந்ததும் அவரிடமும் ஒரு தடவை முழுதும் சொன்னேன். அக்கா மேல் தப்பில்லை என்பதை முதலில் சொன்னேன். அவர், "சரி மாப்ளே, கையக் கழுவிட்டுச் சாப்புடு" என்றார். அக்காதான் சோறு போட்டாள். அவள் என்னோடு பழையபடி பேச அடுத்த வருடம் பொங்கலாயிற்று.

அந்தக் கலவையை நான் விடவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் குடியிருந்த வீட்டுக் கொல்லையில், மூன்று உடைந்த பானைகளில், தனியாகச் செய்து பார்த்தேன். நார்த்தூளை நாலு நாள் ஊறவைத்துப் பிழிந்து கழுவ வேண்டும் என்பது தெரிய இரண்டு தடவை செடி சாக வேண்டியிருந்தது. அந்தத் தூளுக்குள்ளேயே உப்பு இருக்கிறது. உப்பின் அளவும் நாங்கள் போட்டதில் எட்டில் ஒரு பங்கு போதும். மூன்றாவது தடவை ஒரு பானையில் கத்தரி காய்த்தது. ஐந்தே காய். யாருக்கும் காட்டவில்லை. வாத்தியார் உண்மையைச் சொல்லியிருந்தால் இதை அந்த வைகாசியிலேயே இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்திருப்போம். அதை நினைக்கும்போது வருகிற ஆத்திரம், பெரம்பலூரில் பட்ட அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் தெருவில் எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன். அவரும் அப்படியே. மூன்று வருடம் போல அப்படிக் கழிந்தது. பிறகு ஒரு நாள் காலை, தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். குழந்தைக்கு நாலு நாளாக விடாத காய்ச்சல். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினார். சீட்டு என் மேஜைக்கு வந்தது. அவர் கொண்டுவந்த சீசாவைக் கழுவி, மருந்து மிக்சரைக் கலந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய வேளைக்கு ஒரு கோடாகத் தாள் வெட்டிச் சீசாவில் ஒட்டி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என் கையிலிருந்த சீசாவையே உற்றுப் பார்த்தார்.

"இதுல என்னென்ன போட்டிருக்க?" என்று கேட்டார்.

"டாக்டர் எழுதினது."

"டாக்டர் ஒரு தடவை பாத்துட்டா நல்லது" என்றார்.

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தன்னைப் பழிவாங்க நான் அந்தக் குழந்தைக்கு எதையாவது கலந்திருப்பேன் என்று பயப்படுகிறார். பதினொரு ஞாயிறு நான் கொடுத்த பொட்டலத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கியவர்.

அளவு கிளாஸை எடுத்தேன். சீசாவிலிருந்து ஒரு வேளை மருந்தை ஊற்றி, அவர் பார்க்கவே குடித்தேன். கடும் கசப்பு. கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறைந்த ஒரு வேளையை அவர் கண்ணெதிரிலேயே மறுபடி கலந்து நிரப்பி மூடினேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேளை குடுங்க. கசக்குதுன்னு துப்பிடும். தேன் தடவிக் குடுங்க" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்குக் கேட்க இஷ்டமில்லை. அடுத்த சீட்டை எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வெளியே போனார்.

குழந்தைக்குக் குணமாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த ஆனியில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று.